சைக்கிளில் பம்பாய்க்குக் கிளம்பிய கதை

போன தை மாதம், மாட்டுப் பொங்கல் கழிந்து இரண்டு நாள் இருக்கும். காலையில் திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு வெள்ளைக்காரப் பெண் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து எங்கள் வீட்டு வேப்பமர நிழலில் நிறுத்தினாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். முன்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் பை, பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் பை, கேரியர் மேல் சுருட்டிக் கட்டிய கூடாரம். பின் டயர் தரையோடு தரையாக அமுங்கிக் கிடந்தது.

ஜெர்மனிக்காரப் பெண். காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போய் அங்கே குடவோலைக் கல்வெட்டைப் பார்த்துவிட்டு, வந்தவாசி வழியாகத் திருவண்ணாமலை போகிறாளாம். வழியில் நம் மாகறலீஸ்வரர் கோபுரம் கண்ணில் பட, சாலையை விட்டு இறங்கியிருக்கிறாள். செய்யாற்றங்கரையில் சீமைக்கருவேல முள் தைத்துவிட்டது. நம் உடும்பீசர் சும்மா போகவிடுவாரா, கொஞ்ச நேரம் உட்காரவைத்துவிட்டார்.

"நான் ஒட்டித் தரட்டுமா?" என்று என் தபால் ஆபீஸ் இங்கிலீஷில் கேட்டேன். சிரித்துக்கொண்டே வேண்டாம் என்றாள். பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்துத் திறந்தாள். எனக்கு ஒரே ஆச்சரியம். உப்புத்தாள், சொல்யூஷன் டியூப், ரப்பர் துண்டு, டயர் லீவர், எல்லாம் நாம் வைத்திருந்த அதே சாமான்கள். அவளுடைய சைக்கிளின் விலையைச் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். முன்சக்கரத்து ஹப்புக்குள்ளேயே டைனமோ, மிதிக்க மிதிக்க அதிலிருந்து செல்போன் சார்ஜ் ஏறுகிறது. ஆனால் பஞ்சர் என்று வந்துவிட்டால் அதே உப்புத்தாள்தான். டியூபை முக்கிப் பார்க்க ஒரு பேசின் தண்ணீர் மட்டும் கேட்டாள். கொண்டுவந்து வைத்தேன்.

வீட்டை விட்டுக் கிளம்பிப் பதினான்கு மாதம் ஆகிறதாம். துருக்கி, ஜார்ஜியா, ஆர்மேனியா, ஈரான் வரை மிதித்தே வந்திருக்கிறாள். அங்கிருந்து வளைகுடாவைத் தாண்டி, விமானத்தில் மும்பை. அப்புறம் கோவா, கேரளா, கன்னியாகுமரி, ராமேஸ்வரம், மாமல்லபுரம். என் வீட்டுக்காரி இட்லி கொண்டுவந்து வைத்தாள். ஆறு இட்லி சாப்பிட்டாள். சைக்கிள் மிதிக்கிறவர்களுக்குச் சாப்பாடு போடுவதில் ஒரு திருப்தி உண்டு, மிச்சம் வைக்கமாட்டார்கள்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. வீடியோவில் அவளுடைய அம்மா. மகள் எங்கே இருக்கிறாள் என்று அந்த அம்மாளுக்கு வரைபடத்தில் ஒரு புள்ளியாகத் தெரிந்துகொண்டே இருக்குமாம். புள்ளி ஒரு மணி நேரமாக நகரவில்லையே என்று கேட்கிறார். டியூபைத் தூக்கிக் காட்டினாள், என்னையும் காட்டினாள். நான் கும்பிட்டேன். பேசி முடித்த பிறகு அவள் சொன்னாள்: "நான் ஈரானில் இருந்தபோது அம்மாவுக்கு ஒரு ஆபரேஷன் நடந்தது. திரும்பி வருகிறேன் என்றேன். வரவேண்டாம் என்றுவிட்டார். வரவேண்டாம் என்று சொன்னதால் நான் போகவில்லை." கொஞ்ச நேரம் கழித்து, "அவர் அப்படித்தான் சொல்வார் என்பது எனக்கு முதலிலேயே தெரியும்" என்றாள்.

நான் ஒன்றும் பேசவில்லை. அவளே பேச்சை மாற்றி, "நீங்கள் சைக்கிளில் தூரப் பயணம் போனதுண்டா?" என்று கேட்டாள்.

இந்தக் கேள்விக்கு நான் தயாராக வைத்திருக்கும் பதில் ஒன்று உண்டு. தபால்காரனாக முப்பது வருஷம் சைக்கிள் மிதித்தேன் (கடைசி ஆறு வருஷம் மொபெட், அது கணக்கில்லை). தினம் பதினெட்டு கிலோமீட்டர், வருஷத்துக்கு 280 நாள் என்று வைத்தால் ஒன்றரை லட்சம் கிலோமீட்டர். பூமியின் சுற்றளவு நாற்பதாயிரம். ஆகவே ஏறக்குறைய நான்கு தடவை உலகத்தைச் சுற்றியிருக்கிறேன், ஆறேழு கிராமங்களை விட்டு வெளியே போகாமல். எல்லோரும் சிரிப்பார்கள், அவளும் சிரித்தாள். பதினொரு மணிக்குக் கிளம்பிப் போனாள்.

அவளிடம் சொல்லாமல் விட்டது இது.

1978-ஆம் வருஷம் மாசி மாதம். எனக்கு இருபத்தொரு வயது. ஊர் மைதானத்தில் ஒருத்தர் ஏழு நாள் இராப்பகலாகச் சைக்கிள் விட வந்திருந்தார். அந்தக் காலத்து ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும். நடுவில் ஒரு கம்பம், அதில் குழாய் ஒலிபெருக்கி, சுற்றிலும் ட்யூப் லைட். ஆள் கீழே இறங்காமல் சுற்றிக்கொண்டே இருப்பார். சைக்கிளிலேயே குளிப்பார், சாப்பிடுவார், சட்டை மாற்றுவார். இரவில் கூட்டம் சேர்ந்ததும் ட்யூப் லைட்டை மார்பில் அடித்து உடைப்பார். ஏழாம் நாள் ரூபாய் மாலை போட்டு இறக்குவார்கள். எதிர்வீட்டுச் சிநேகிதன் என் பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். "டேய், இந்த ஆளு ஒரே எடத்துல சுத்துன தூரத்த நேரா விட்டிருந்தா பம்பாய்க்கே போயிருக்கலாண்டா" என்றான்.

அவ்வளவுதான். பம்பாய்க்குப் போவது என்று முடிவாகிவிட்டது. இந்தக் கடலிலிருந்து அந்தக் கடலுக்கு. அங்கிருந்து டெல்லி, டெல்லியிலிருந்து லண்டன் என்றெல்லாம் திட்டம் வளர்ந்தது. பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், ஈரான் என்று அப்போது அந்த வழி திறந்துதான் இருந்தது. அதற்கு முந்தின வருஷம்தான், 1977-ல், பிரத்யும்ன குமார் மகாநந்தியா என்ற ஒரிசாக்காரர் தான் மணந்த ஸ்வீடன் பெண்ணைத் தேடி, டெல்லியிலிருந்து பழைய சைக்கிளில் கிளம்பி நாலு மாதத்தில் ஸ்வீடன் போய்ச் சேர்ந்தார். வழியில் படம் வரைந்து கொடுத்துச் சாப்பிட்டிருக்கிறார். இதெல்லாம் பின்னால் பேப்பரில் படித்தது. அன்றைக்கு எங்களுக்கு யாரையும் தெரியாது. 1979-ல் ஈரானில் புரட்சி, அந்த வருஷக் கடைசியில் ஆப்கானிஸ்தானில் ரஷ்யப் படை. அதோடு அந்த வழி அடைந்துபோயிற்று.

சிநேகிதனுக்கு வீட்டில் தடையில்லை, அண்ணன்கள் மூன்று பேர். எனக்குத்தான் சிக்கல். எங்கள் வீட்டில் குழித்தறி. நைனா நெய்தது கோர்வைச் சேலை. நெசவு தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். உடம்பு ஒரு நிறம், கரை வேறு நிறம், இரண்டும் ஒன்றோடொன்று கோத்து வரவேண்டும். நெய்கிறவர் ஒருவரால் அது முடியாது. வலது பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளவேண்டும். ஒவ்வொரு ஊடைக்கும் அந்தக் கை வேண்டும். எட்டு வயதிலிருந்து அந்த இடத்தில் உட்கார்ந்தவன் நான். நான் எழுந்தால் தறி நிற்கும். தறி நின்றால் சேலை இல்லை, சேலை இல்லையென்றால் கூலி இல்லை.

பம்பாய் என்று வீட்டில் சொல்லவில்லை. பெங்களூரில் உறவுக்காரர் வீட்டுக்குப் போய் ஒரு வாரத்தில் வருகிறேன் என்றேன். நைனா, "போய்ட்டு வா" என்றார். தங்கச்சியிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அவள் அப்போது எட்டாம் வகுப்பு. வகுப்பில் முதல் இரண்டு பேரில் ஒருத்தி. அவசரமென்றால் எழுதுவதற்குத் தாவணகெரே ஹெட் போஸ்ட் ஆபீஸ் விலாசத்தைக் கொடுத்தேன். 'போஸ்ட் ரெஸ்டாண்ட்' என்று எழுதினால், ஆள் வந்து கேட்கும்வரை ஆபீஸிலேயே கடிதத்தை வைத்திருப்பார்கள். நடந்தும் சைக்கிளிலும் நாடு சுற்றினவர்கள் எல்லோரும் அந்தக் காலத்தில் இதை நம்பித்தான் போனார்கள். இரண்டு வாரம் பார்ப்பார்கள். யாரும் வராவிட்டால் அனுப்பினவருக்கே திருப்பிவிடுவார்கள்.

என்னுடையது செகண்ட் ஹேண்ட் ஹெர்குலஸ், அம்பத்தூரில் செய்தது. சிநேகிதனுடையதும் அதேதான், கொஞ்சம் புதுசு. ஆளுக்கு ஒரு ஜமக்காளம், இரண்டு டியூப், கைப்பம்பு, வால் டியூப் ஒரு முழம், ஒரு பொட்டலம் அவல். வாலாஜாபேட்டை, ராணிப்பேட்டை, சித்தூர். சித்தூருக்கு மேலே மொகிலி கணவாயில் பாதி தூரம் தள்ளிக்கொண்டுதான் ஏறினோம். ஏறினதும் காற்று மாறிவிட்டது, வெயில் உறைக்கவில்லை. பலமனேர், முல்பாகல், கோலார். ராத்திரியில் பெட்ரோல் பங்கு, கோயில் மண்டபம், ஒரு நாள் அரிசி மில். எங்கேயும் யாரும் போ என்று சொல்லவில்லை. லாரிக்காரர்கள் கயிற்றைப் பிடித்துக்கொள் என்று கூப்பிட்டார்கள். சிநேகிதன் பிடித்தான், எனக்குப் பயம். பெங்களூரில் இரண்டு நாள். அதைத் தாண்டித் தும்கூர், சிரா, சித்ரதுர்கா. கறுப்பு மண், சூரியகாந்தி, கண்ணுக்கு எட்டிய வரை நேரான சாலை. வாழ்க்கையில் அப்படி ஒரு சந்தோஷம் அதற்கு முன்னாலும் இல்லை, அப்புறமும் இல்லை. இதை எழுதும்போது பொய் சொல்லக்கூடாது என்று இருக்கிறேன், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன்.

பத்தாம் நாள் தாவணகெரே. போஸ்ட் ஆபீஸ் போய் இரண்டு பேர் பெயரையும் சொன்னேன். கிளார்க் ஒரு கார்டை எடுத்து நீட்டினார். கார்டுக்கு உறை கிடையாதே, கையில் வாங்கும்போதே கண் படித்துவிடும். தங்கச்சியின் குண்டு எழுத்து. "அண்ணா, பாவு அப்படியே நிற்கிறது. வலது பக்கம் ஆள் கிடைக்கவில்லை. முதலாளி இரண்டு தடவை ஆள் அனுப்பிவிட்டார். நாளையிலிருந்து நான் உட்காருகிறேன். பரீட்சைக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. நைனா ஒன்றும் சொல்லவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்." வா என்று ஒரு வார்த்தை அதில் இல்லை.

நான் கார்டைக் கவுண்டரில் திருப்பி வைத்தேன். "இது எனக்கில்லை சார். இனிஷியல் வேற" என்றேன். அவர் வாங்கி மறுபடியும் அதே அறையில் சொருகினார்.

வெளியே வந்து சிநேகிதனிடம், "ஒண்ணும் வரலடா" என்றேன்.

தாவணகெரேயிலிருந்து ராணிபென்னூர், ஹாவேரி, ஹூப்ளி. ஹூப்ளியில் என் சைக்கிளுக்குக் காட்டர் பின் தேய்ந்து பெடல் ஆட ஆரம்பித்தது. அதை மாற்ற ஒரு நாள். அப்புறம் தார்வாட், பெல்காம். இந்த ஊர்களைப் பற்றி எனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. சித்ரதுர்கா வரை ஒவ்வொரு மரமும் ஞாபகம் இருக்கிறது, தாவணகெரேக்கு அப்பால் பெயர்கள் மட்டும்தான். பெல்காமில் ஷாபூர் என்று ஒரு பகுதி, நெசவாளர்கள் இருக்கும் இடம். ராத்திரி அங்கே ஒரு கோயில் வாசலில் படுத்தோம். விடியற்காலை தறிச் சத்தம் கேட்டு விழித்தேன். சிநேகிதனை எழுப்பி, "நான் திரும்புறேன்" என்றேன். அவன் காரணம் கேட்கவில்லை, பாதிப் பணத்தைப் பிரித்துக் கொடுத்தான். மீட்டர் கேஜ் வண்டியில் சைக்கிளை லக்கேஜில் போட்டுப் பெங்களூர் வந்து, அங்கிருந்து வேறு வண்டி பிடித்துக் காட்பாடியில் இறங்கி, மிதித்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தேன்.

நான் உள்ளே நுழையும்போது தங்கச்சி வலது பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பரீட்சை தொடங்கி மூன்று நாள் ஆகிவிட்டிருந்தது. எழுந்து இடம் விட்டாள். நான் உட்கார்ந்தேன். மிச்சப் பரீட்சைக்கு அவள் போகவில்லை, ஜூனில் பள்ளிக்கூடத்துக்கும் போகவில்லை. பொம்பளைப் பிள்ளைக்கு எட்டு போதும் என்று பாட்டி சொன்னார். நைனா அன்றைக்கும் ஒன்றும் சொல்லவில்லை.

ஒரு வாரம் கழித்து அந்தக் கார்டு வந்தது. மேலே இங்கிலீஷில் 'கோரப்படவில்லை' என்று முத்திரை. தபால்காரர் நைனாவிடம் கொடுத்தார். தங்கச்சி எட்டிப் பார்த்துவிட்டு, "பாவம், அண்ணனுக்குக் கெடைக்கவே இல்ல" என்றாள். நைனா என்னை ஒரு தரம் பார்த்தார். கார்டைக் காலண்டருக்குப் பின்னால் சொருகிவிட்டுத் தறிக்குப் போனார். மூன்று வருஷம் கழித்து எனக்குத் தபால் இலாகாவில் வேலை கிடைத்தது. அதே இடத்தில் மறுபடியும் தங்கச்சி உட்கார்ந்தாள். கல்யாணம் ஆகிப் போன வீட்டிலும் தறிதான்.

சிநேகிதன் பம்பாய் போய்ச் சேர்ந்தான். கடலில் சக்கரத்தை நனைத்தானாம். ரயிலில் திரும்பிவந்து, ஊரில் ஒரு மாதம் ராஜா மாதிரி இருந்தான். நான் ஏன் திரும்பினேன் என்று யாராவது கேட்டால், "அவன் சைக்கிள் சரியில்ல" என்பான். ஐந்து வருஷம் முன்னால் காலமாகிவிட்டான்.

ரிட்டயர் ஆன பிறகு சைக்கிளில் உலகம் சுற்றினவர்களைப் பற்றித் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். மகள் சென்னையிலிருந்து புத்தகங்கள் வாங்கி அனுப்புவாள். தாமஸ் ஸ்டீவன்ஸ் என்பவர் 1884-ல், முன்சக்கரம் ஆள் உயரம் இருக்குமே, அந்தப் பழைய சைக்கிளில் அமெரிக்காவைக் குறுக்கே கடந்திருக்கிறார். 1886-ல் லாகூரிலிருந்து கல்கத்தா வரை நம் நாட்டு கிராண்ட் டிரங்க் ரோட்டிலும் மிதித்திருக்கிறார். படிக்கச் சுவாரஸ்யம்தான், ஆனால் அந்த மனிதருக்குப் பின்னால் வீட்டில் யார் இருந்தார்கள் என்று தெரியவில்லையே என்றுதான் எனக்குத் தோன்றும்.

பம்பாய்ப் பார்சிகளின் கதை அப்படியில்லை. எடை தூக்கும் சங்கம் ஒன்றைச் சேர்ந்த ஆறு வாலிபர்கள் 1923 அக்டோபர் 15-ல் பம்பாயிலிருந்து கிளம்பினார்கள். பாரசீகம், ஈராக், சிரியா, சினாய்ப் பாலைவனம், ஐரோப்பா. கப்பலில் அமெரிக்கா போய் அதைக் குறுக்கே மிதித்து, ஜப்பான், கொரியா, சீனா, சயாம், பர்மா வழியாக 1928 மார்ச் 18-ல் திரும்பினார்கள். நாலு வருஷம் ஐந்து மாதம், ஏறத்தாழ 71,000 கிலோமீட்டர். திரும்பி வந்தவர்கள் மூன்று பேர்: ஆதி ஹக்கீம், ஜல் பாபாசோலா, ருஸ்தம் பம்காரா. 1931-ல் புத்தகம் போட்டார்கள், ஜவாஹர்லால் நேருவே முன்னுரை எழுதினார். (என் ஒன்றரை லட்சத்துக்கு யாரும் முன்னுரை எழுதவில்லை.) மற்ற மூன்று பேரில் ஒருவர் அமெரிக்காவிலேயே தங்கிவிட்டார், இன்னொருவர் அங்கிருந்து மனம் சலித்துத் திரும்பினார். நாரிமன் கபாடியா என்பவர் மட்டும் தெஹ்ரானிலேயே திரும்பிவிட்டார், 'சொந்தக் காரணங்களுக்காக'. அவரைப் பற்றி அவ்வளவுதான். அந்த இரண்டு வார்த்தையைப் படித்த அன்று நான் புத்தகத்தை மூடிவிட்டுச் செய்யாற்றுப் பக்கம் நடக்கப் போய்விட்டேன். அவருக்குத் தெஹ்ரானில் ஒரு கடிதம் வந்திருக்கும், அதை அவர் வாங்கிப் படித்திருப்பார் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

இன்னொருவர் டெர்வ்லா மர்ஃபி, அயர்லாந்துக்காரர். பத்தாவது பிறந்த நாளுக்கு ஒரு பழைய சைக்கிளும் ஒரு உலகப்பட அட்லஸும் கிடைத்ததாம். சில நாளிலேயே சைக்கிளில் இந்தியா போவது என்று முடிவு செய்துவிட்டார். பதினாலு வயதில், முடக்குவாதத்தில் கிடந்த தாயாரைப் பார்த்துக்கொள்ளப் பள்ளிப் படிப்பை நிறுத்தினார்கள். 1962-ல் தாயார் இறக்கும்வரை வீட்டில்தான். 1963 ஜனவரியில், முப்பத்தொரு வயதில், 'ரோஸ்' என்று பெயர் வைத்த சைக்கிளில் பிரான்ஸின் டன்கர்க்கிலிருந்து கிளம்பி யூகோஸ்லாவியாப் பனி, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் வழியாக டெல்லிக்கு வந்து சேர்ந்தார். மாற்று டயர்களை வழியில் உள்ள தூதரகங்களுக்கு முன்கூட்டியே தபாலில் அனுப்பியிருந்தார் என்று படித்தபோது ஒரு தபால்காரனாக எனக்குப் பெருமையாக இருந்தது. பத்து வயதில் நினைத்ததற்கு இருபத்தொரு வருஷம் காத்திருந்தார். என்னால் பன்னிரண்டு நாள் முடியவில்லை.

இப்போது எல்லாமே வேகம். மார்க் பியூமாண்ட் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 2017-ல் எழுபத்தொன்பதே நாளுக்குள் உலகைச் சுற்றிவிட்டார். அடுத்த வருஷம் புனேயைச் சேர்ந்த வேதாங்கி குல்கர்ணி என்ற பெண் 159 நாளில் 29,000 கிலோமீட்டர் மிதித்தாள், இருபது வயதில். சந்தோஷமான விஷயம். அதே இருபது வயதில் என் தங்கச்சிக்கு உத்திரமேரூருக்குத் தனியாகப் பஸ் ஏறக்கூட அனுமதி கிடையாது.

அந்த ஜெர்மன் பெண்ணிடமிருந்து திருவண்ணாமலையில் எடுத்த போட்டோ வந்தது. ஒட்டு நன்றாகத் தாங்குகிறதாம். அம்மாவைப் பார்க்க ஏப்ரலில் ஒரு மாதம் ஊருக்குப் போகப்போவதாகவும், சைக்கிளைப் புதுச்சேரியில் ஒருவர் வீட்டில் விட்டுவிட்டுப் போவதாகவும் எழுதியிருந்தாள்.

அதைப் பார்த்த பிறகுதான் இதை எழுதத் தோன்றியது. எழுதி முடித்ததும் தங்கச்சிக்குப் போன் போட்டு வரச் சொன்னேன். நாற்பத்தேழு வருஷத்துக்குப் பிறகு, இதே திண்ணையில் உட்காரவைத்து, ஆரம்பத்திலிருந்து படித்துக் காட்டினேன். குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டாள். தாவணகெரே வந்தபோது மட்டும், "நிறுத்துண்ணா" என்றாள்.

"இனிஷியல் வேறன்னா சொன்ன?"

"ஆமாம்மா. அதுல தப்பா இருந்தது."

"நான் சரியாத்தான எழுதுனேன். டீச்சர்கிட்ட காட்டித் திருத்திட்டுதான போட்டேன்."

நைனாவின் டிரங்குப் பெட்டியில் கூலிக் கணக்கு நோட்டுக்குள் அந்தக் கார்டு இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அவர் போன பிறகு ஒரு தடவை பார்த்துவிட்டு, படிக்காமலே மூடிவைத்திருந்தேன். இரண்டு பேரும் போய் எடுத்தோம். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தாள்.

இனிஷியல் சரியாகத்தான் இருந்தது.